லாஞ்சிக் குடித்தனம்

இந்த வங்காளத்தில் பூஜை நெருங்கும்போதுதான் எங்கள் பாலிகஞ்ச் தெருக் குழிகள் யார் கண்ணிலாவது படும். போன வாரம் ஜன்னலுக்கு நேர் கீழே டிரம்மை வைத்துத் தார் காய்ச்ச ஆரம்பித்தார்கள். என் மனைவி ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினாள். நான் பின்னாலேயே போய் ஒன்றைத் திறந்து மூக்கை வெளியே நீட்டினேன்.

"தாரைப் போயி யாராவது மோந்து பாப்பாங்களா?" என்றாள்.

என்னத்தைச் சொல்வது? இந்த வாசனைக்குள்தான் நான் நாலைந்து வருஷம் குடித்தனம் செய்தேன். சட்டையில் தார், தலையணையில் தார். ரசத்தில்கூட லேசாக வரும். பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுச் சமாளிப்போம்.

ஏதோ தார்க் கிடங்கில் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கங்கை மேல், ஒரு பழைய மர லாஞ்சியில், எஞ்சின் வைத்த படகில், இருந்தேன். நானும் முத்துவும். இருவரும் துறைமுகக் குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள். இரண்டு அப்பாக்களும் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அவர்கள் ரிட்டயராகி ஊருக்குத் திரும்பியதும் குவார்ட்டர்ஸ் போயிற்று. எங்களுக்கோ ஒரே கப்பல் சரக்கு ஆபீசில் வேலை. அப்போது முத்துவின் தாய்மாமா, ஏலத்தில் எடுத்து கிதிர்பூர்ப் பக்கம் ஒரு படித்துறையில் சும்மா போட்டிருந்த லாஞ்சியை முத்து பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவரும் ஊரைப் பார்க்கப் போனார்.

"யாரு பேருல இருந்தா என்னல? மெதக்கப் போறது ரெண்டு பேருந்தான" என்றான் முத்து. அந்த வாக்கியத்தை அன்றைக்கு நான் ரொம்பவும் ரசித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. தூத்துக்குடிக்காரன் என்று சொல்லிக்கொண்டு, கடற்கரையில் பிறந்து, ஆற்றின் மேல் வீடு வைத்து, நீச்சல் தெரியாத ஆள் இந்த உலகத்தில் இன்னொருவன் இருந்தால் அவனோடு ஒரு டீ குடிக்க ஆசை. தலையணை உறைக்குள் லைஃப் ஜாக்கெட்டை மடித்து வைத்துத்தான் படுப்பேன். கழுத்து வலி இன்றைக்கும் இருக்கிறது.

இந்தப் பயம்தான் லாஞ்சியைக் காப்பாற்றியது என்றால் முத்துவே மறுக்க மாட்டான். மரப்படகு என்பது கைக்குழந்தை மாதிரி, எந்த நேரமும் எங்காவது நனைந்திருக்கும். காலையில் எழுந்ததும் பல் விளக்கும் முன்னால் அடித்தளத்துப் பலகையைத் தூக்கிப் பார்த்து, கைப்பம்பை அடித்து, ஊறியிருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், நான் பம்பின் மேல் பாய்ந்துவிடுவேன். பாதி நேரம் அது முத்து துவைத்துக் காயப்போட்ட லுங்கியாக இருக்கும். "லுங்கிய பம்ப் அடிச்சு முடிச்சாச்சால?" என்று கேட்பான்.

வருஷத்துக்கு ஒருமுறை பெரிய நீரேற்றத்தில் லாஞ்சியைச் சேற்றுக் கரையில் ஏற்றிவிட்டு, தண்ணீர் வடிந்ததும் அடியில் புகுந்து வேலை செய்ய வேண்டும். பலகை இடுக்கில் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதுப் பஞ்சுத்திரியை உளியால் அடித்துத் திணித்து, மேலே சூடான தாரைப் பூசுவது. தூத்துக்குடியில் இதைக் கலப்பத்து என்பார்கள். எங்கள் கலப்பத்தை அங்கே யாராவது பார்த்திருந்தால் ஊருக்குள் விட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் என் கை தேறியது. முத்து எஞ்சின் ஆள். அடிவயிற்று வேலை முழுக்க என்னுடையது.

கங்கையில் 'பான்' வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் ஏறும்போது ஆற்றை எதிர்த்து ஒரு சுவர் மாதிரி தண்ணீர் உருண்டு வரும். முதல் மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம், பக்கத்துப் படகு ஹாருன்தா "பான் ஆஷ்ச்சே" என்று கத்தினார். வெள்ளம் வருகிறது என்றால் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? வீட்டை இறுக்கிக் கட்டுவான். நான் கட்டினேன். இருந்த கயிறு போதாதென்று கொடிக்கயிறு, அதுவும் போதாதென்று முத்துவின் வேட்டி. எல்லாவற்றையும் படித்துறை வளையத்தில் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு, மிச்சம் பாதுகாப்புக்குப் பிரஷர் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இந்த ஊர் வழக்கம் நேர் தலைகீழ். பான் வந்தால் எல்லாப் படகும் கட்டை அவிழ்த்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய்விட வேண்டும். கரையில் கட்டிய படகைத்தான் அது கல்படியில் மோதி உடைக்கும்.

"கட்டாதல, அவுத்து விடுல" என்று எஞ்சினிலிருந்து முத்து அலறினான். என் முடிச்சுகள் என்னைப் போலவே பயந்து இறுகிவிட்டிருந்தன. ஓடி வந்து அரிவாள்மணையால் அறுத்தான், வேட்டி உட்பட. நடு ஆற்றில் லாஞ்சி மூக்கைத் தூக்கி அலை மேல் ஏறி இறங்கிற்று. எல்லாம் அடங்கிய பிறகும் நான் குக்கரைக் கீழே வைக்கவில்லை. முத்து சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"இனிமே கரைக்குக் குடி போகவே கூடாதுல. நீயும் நானும் இதுலயே கெழடாயிருவோம்."

நான் அதை அப்படியே நம்பினேன். யாராவது எதையாவது அழகாகச் சொன்னால் நம்பிவிடுவது என் வழக்கம்.

கடைசி வருஷம் முத்துவுக்குத் திடீரென்று லாஞ்சி மேல் பாசம் பொங்கியது. மேல்தளத்துக்கு வார்னிஷ், கைப்பிடிகளுக்குப் பச்சை பெயிண்ட். "இந்தத் தடவ அடியில ஒரு சொட்டு வரக்கூடாது, பாத்துக்கோ" என்றான். நான் லீவு போட்டுச் சேற்றில் மல்லாந்து கிடந்து இடுக்கு இடுக்காக அடைத்தேன். முகத்தில் தார் சொட்டிப் புருவத்தில் பாதி போயிற்று. கண்ணாடியில் பார்த்தபோது எப்போதும் எதையோ சந்தேகப்படுகிறவன் மாதிரி இருந்தேன். புருவத்துக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். "தெரிஞ்சவங்க, சும்மா பாக்கணும்னாங்க" என்பான் முத்து. அதில் ஒரு காக்கு, சித்தப்பா வயசுக்காரர், தொளதொள குர்தாவும் குடையுமாக, மூன்று தரம் வந்தார். வந்தவர்களைச் சிரிக்க வைக்காமல் அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது. காபி போட்டுக் கொடுத்தேன். குக்கர் கதையை நடித்தே காட்டினேன். அவர் குடையால் பலகைகளைத் தட்டித் தட்டி, "ஜல் டோகே நாகி?" என்று கேட்டார். தண்ணீர் வருமா என்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடித்தளப் பலகையைத் தூக்கி, என் கைக்குட்டையை உள்ளே போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, காய்ந்தபடியே எடுத்து நீட்டினேன். விடியற்காலையிலிருந்து பம்ப் அடித்ததை மட்டும் சொல்லவில்லை. எஞ்சினை ஒரே சுற்றில் கிளப்பினேன். "இத மாதிரி ஒண்ணு கங்கையிலயே கெடையாது" என்று என் ஓட்டை வங்காளியில் முழங்கினேன். முத்து ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த வாரம் படித்துறையில் ஹாருன்தா, "கவே நாம்ச்சோ?" என்றார். எப்போது இறங்குகிறாய் என்று கேட்கிறார்.

"எங்கே இறங்குவது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். லாஞ்சியைப் பிக்னிக் படகாக ஓட்ட அந்தக் காக்கு வாங்கிவிட்டாராம். படித்துறையில் எல்லோருக்கும் தெரியுமாம். "நீதானே எல்லாம் சுற்றிக் காட்டினாய்" என்றார், வங்காளியில், கொஞ்சம் பரிதாபமாக.

முத்து மேல்தளத்தில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தான். நான் கேட்டதும் கத்தியை நிறுத்தாமலே சொன்னான். பெஹாலாவில் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. லாஞ்சியில் மகளைக் கொண்டுவந்து வைக்க எந்த மாமனார் சம்மதிப்பார்? அங்கேயே ஒரு வீடும் பார்த்தாகிவிட்டது.

நியாயந்தான். என்னிடம் கேட்டிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

அப்போதுதான் அவன் திரும்பினான். ஒரு கன்னத்தில் சோப்பு அப்படியே இருந்தது.

"சொல்லிருந்தா நீ அப்படிக் காட்டிருப்பியால?"

நான் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நாக்கில் ஒரு நல்ல கெட்ட வார்த்தையாவது வந்திருக்க வேண்டும். எங்கே இறங்குவேன், எங்கே படுப்பேன் என்று தெரியவில்லை. வாய் மட்டும் 'ஹா ஹா' என்றது. போதாக்குறைக்கு, காக்குவின் ஆட்களுக்குப் பம்ப் அடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன். பவானிபூரில் ஒரு மாடி அறை கிடைத்தது. தரை ஆடாததால் பல நாள் தூக்கம் வரவில்லை.

இப்போது அந்தப் படித்துறையில் கம்பி வேலியும் விளக்குக் கம்பமும் நடைபாதையும் வந்துவிட்டன. ஜோடி ஜோடியாக நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். படகு கட்டும் வளையத்தைப் பெயர்த்துவிட்டார்கள். ஹாருன்தா எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. லாஞ்சி சில குளிர்காலங்கள் சீரியல் பல்பும் பாட்டுமாக ஓடியது. கலப்பத்து பார்க்க ஆளில்லாமல் அடி இற்றுப்போய், கடைசியில் விறகுக்குப் பிளந்துவிட்டார்களாம். முத்துவைக் கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். "வாங்க, சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொள்கிறோம்.

எனக்குள்ளும் ஒன்று போய்விட்டது. போன ஞாயிறு மனைவியின் அலுவலகத் தோழி ஒருத்தி கணவரோடு வந்திருந்தாள். அவர் பால்கனியில் நின்று, "தாருண் ஃப்ளாட், தாதா" என்று மனசாரப் பாராட்டினார். பிரமாதமான வீடு, அண்ணா என்கிறார். நான் அவசரமாக, "மழை பெய்தால் எல்லா ரூமும் ஒழுகும்" என்றேன். குழாயில் தண்ணீர் வராது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்காரர்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எந்த ரூம்ங்க ஒழுகுது?"

எதுவும் ஒழுகவில்லை. அருமையான வீடு. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.