இஷபெல் பாறை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் குடிக்கிறவனில்லை. ராத்திரியில் நடந்ததுமில்லை இது. நல்ல விழிப்போடு, பட்டப்பகலில் என் கண்ணால் கண்டது.

லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் ஊர் ஊராகப் போய், கேலிக் மொழியில் உள்ள இடப்பெயர்களையும் அவற்றின் அர்த்தத்தையும் கேட்டு எழுதுவது என் வேலை. ஓடை, மேடு, பாறை... எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. அந்த நவம்பரில், டோர்கில் என்கிற மீனவர் கரைப் பாறைகளைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். படகுத்துறைக்கு அப்பால் தொப்பியும் நீளக் கோட்டுமாக ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். கையசைத்தார். நடந்தார். டோர்கில்தான் என்று பின்னாலேயே போனேன்.

கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"ஸ்கேர் நன் ரோன். கடல்நாய்ங்க படுக்கிற பாறை," என்றார், திரும்பாமலே.

எழுதிக்கொண்டேன்.

"அது கிழவி பாறை. தள்ளி நின்னு பாத்தா கூன் தெரியும்."

அதையும் எழுதினேன். ஆனால் ஏதோ உறுத்தியது. கூழாங்கல்லில் என் பூட்ஸ் நறநறவென்றது. அவர் நடையில் சத்தமே இல்லை. காற்று எதிரே அடித்தது. அவர் கோட்டு அசையவில்லை...

"இது ஸ்கேர் இஷபெல். இஷபெல் பாறை."

"வரைபடத்துல அப்படி ஒரு பேரே இல்லையே. யாரு அந்த இஷபெல்?"

"இங்க மூழ்கிச் செத்தவ."

"எப்ப செத்தாங்க?"

அவர் நின்றார்.

"இன்னும் சாகல."

கால் சில்லிட்டது. குனிந்தேன். முழங்கால்வரை தண்ணீர்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

எப்படிக் கரையேறினேனோ தெரியாது. டோர்கில் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஓர் அம்மாள் திறந்தார்.

"டோர்கில் வந்துட்டாரா?"

"எங்க போனான் வர்றதுக்கு? ரெண்டு நாளா காய்ச்சல்ல கெடக்கான்."

"நீங்க...?"

"அவன் அக்கா. இஷபெல்."

நடந்ததைச் சொன்னேன். கும்பிடாத குறையாக, அந்தப் பாறைப் பக்கம் போகாதீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சின்ன வயசுலேர்ந்து அங்கதான் நத்தை பொறுக்குறேன். உன்னை மாதிரி பேப்பரும் பேனாவுமா வர்றவனுக்குத்தான் அது வழுக்கும். உக்காரு, டீ போடுறேன்."

பிப்ரவரியில் அதே பாறை இடுக்கில் அவர் உடலை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் டோர்கில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா போன அன்னிக்குக் கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்தேன். ஒரே மூடுபனி. அக்கா யாரோடயோ பேசிக்கிட்டே போனா. 'அதோ அந்தப் பாறைக்கு என்ன பேரு?'ன்னு கேட்டா. அவளுக்குத் தெரியாத பாறை இங்க ஏது?"

"யாராவது பதில் சொன்னாங்களா?"

"ஒரு ஆம்பளைக் குரல்... 'ஸ்கேர் ருவரி'ன்னுச்சு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் ருவரி என்று யாரும் கிடையாது.

அது என் பெயர்.