அத்தானின் காரும் பின்சக்கரத்துக் கல்லும்

நான் குடியிருக்கும் ஜெர்மன் சிற்றூரில் என் வீட்டுக்கு முன்னால் தெரு கொஞ்சம் சரிவு. கண்டியில் பிறந்தவன் அதைச் சரிவு என்று சொல்லக் கூச்சப்பட வேண்டும். ஒரு தேசிக்காயை வைத்தால் யோசித்து யோசித்துத்தான் உருளும். ஆனாலும் காரை நிறுத்தி, பிரேக் பொத்தானை அழுத்தி, கதவைப் பூட்டியபின் நான் ஒரு கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்குக் கீழே வைப்பேன். காலையில் கல் இருக்காது. பக்கத்து வீட்டு ஃபிராவ் லிண்ட்னர், யாரோ விஷமிகள் வைத்தது என்று எடுத்து, எங்கள் வேலியோரம் செடிகளுக்கு நடுவே போட்டிருப்பார். மாலையில் நான் வேறொரு கல் வைப்பேன். இப்படி எங்கள் வீட்டுக்கு ஒரு பைசா செலவில்லாமல் ஒரு கல்தோட்டம் அமைந்தது.

ஒருநாள் கையும் கல்லுமாக மாட்டிக்கொண்டேன். "கார் கபுட்?" என்று கேட்டார். பழுதா என்று அர்த்தம். "நைன், நைன்", இல்லை இல்லை என்றேன். "பிறகு கல் எதற்கு?" கண்டி வீதிகளின் நிலவியலை விளக்கும் அளவுக்கு என் ஜெர்மன் வளரவில்லை. "நல்லது, பாதுகாப்பு" என்று மட்டும் சொல்லி வானத்தைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்ததுதான் பிழை. கார் வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஏற்றி நசுக்கியதை அந்த அம்மையார் ஜன்னலால் பார்த்தவர். கல்லும் அதே தெய்வத்துக்கு உரியது என்று முடிவுகட்டிவிட்டார். "இதையும் நசுக்குவீர்களா? தெறிக்காதா?" என்று கவலையோடு கேட்டார். அதன்பிறகு கல்லை அவர் தொடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லின் மேல் ஒரு மஞ்சள் பூ இருந்தது.

இந்தத் தெய்வத்தின் மூலஸ்தானம் கண்டியில், அம்பிட்டியப் பக்கம், என் அக்கா வீட்டு வாசலில் இருக்கிறது. அக்காவின் கணவர் ராஜலிங்கம் அத்தான் ஹயர் ஓடுகிறார், அதாவது வாடகைக் கார் ஓட்டுகிறார். இங்கிலாந்தில் செய்த, வண்டு முதுகுக் கார். ஸ்ரீ எழுத்துப் போட்ட அந்தக் காலத்து இலக்கத் தகடு. அதைச் செய்த கம்பனியே இப்போது இல்லை, கார் இருக்கிறது. அதில் கால்பிரேக் பிடிக்கும். கைபிரேக் என்பது உட்கார்ந்திருப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறும்போது கியர்க் கம்பி துள்ளி வெளியே வரும். அதனால் முன்சீட்டில் இருக்கும் அக்கா அதை ஒரு கையால் அமத்திப் பிடித்திருப்பார். இடப்பக்கப் பின்கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும். இடப்பக்கம் திரும்பினால் ஹோர்ன் தானாக அடிக்கும். வலப்பக்கம் திரும்பும்போது நாமாக அடித்தாலும் அடிக்காது.

ஹேவாஹெட்டவில் தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு இந்தக் காரில்தான் போவோம். ஏற்றத்தில் நிறுத்த நேர்ந்தால் அத்தான் கால்பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கல்லு!" என்பார். பின்சீட்டில் இடப்பக்கம் இருப்பவன் ஜன்னலால் கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்து, காலடியில் கிடக்கும் கல்லோடு குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். வைப்பது சுலபம். எடுப்பதுதான் கலை. கார் இழுத்துக்கொண்டு கிளம்பியதும் மறுபடி நிற்காது. நின்றால் மறுபடி கல் வேண்டும். ஆகவே கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓடும் காரில் ஏற வேண்டும். வீட்டில் மெலிந்தவன் நான். அக்காவின் கல்யாணத்திலிருந்து நான் விமானம் ஏறும்வரை அந்தப் பதவி என்னிடம் இருந்தது. நகரசபையில் எனக்குக் கிளார்க் வேலை. அதில் யாரும் என்னை இவ்வளவு நம்பியதில்லை.

இனி ஜெர்மன்காரர்களின் கிளப்புக்கு வருகிறேன். இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்து தும்மினால் அதற்கு ஒரு ஃபெரைன், அதாவது சங்கம், வைத்துவிடுவார்கள். எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு: பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் கார் கட்டும் பெரியவர்களின் சங்கம். கிடங்கில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் அழைத்துப் போனார். வழுக்கைத் தலைகளும் மூக்குக்கண்ணாடிகளும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விரல்நகம் அளவுப் பற்சக்கரங்களைப் பொருத்திக்கொண்டிருந்த காட்சியைப் பார்த்ததும் எனக்கு என் இனம் கிடைத்ததுபோல் இருந்தது. அவர்கள் கட்டும் கார் பார்வைக்கு மட்டும் காரல்ல. உள்ளே டிபரன்ஷல் சுழலும். சக்கரத்தைத் தள்ளினால் எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும். கியர் மாற்றலாம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும், ஹோர்ன் அடிக்காது.

சங்கத் தலைவர் ஹெர் பிராண்ட். அவருடைய மதம் ஒரே வரி: அசல் கார் எதைச் செய்கிறதோ அதைக் கட்டைக் காரும் செய்ய வேண்டும், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். உறுப்பினராக வேண்டுமானால் நம் கைப்பட ஒரு காரைக் கட்டி, அவர் முன் வைத்து, சாய்பலகையில் ஏற்றிக் காட்டித் தேற வேண்டும். தேறியவர்களுக்குச் சுவரில் ஒரு கொக்கியும், பெயர் எழுதிய ஒரு கோப்பியும் — மன்னிக்க வேண்டும், கோப்பி குடிக்கும் ஒரு கோப்பையும் — கிடைக்கும். மற்றவர்களுக்குக் காகிதக் கோப்பை. நான் வருடக்கணக்காகக் காகிதக் கோப்பையில் குடித்தேன். குடியுரிமைக்குக்கூட இப்படி ஏங்கவில்லை. பாஸ்போர்ட்டை அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். கோப்பை சுவரில் எல்லோரும் பார்க்கத் தொங்கும்.

எந்தக் காரைக் கட்டுவது என்று நான் யோசிக்கவேயில்லை. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த கார் உலகத்தில் ஒன்றுதான்.

விடுமுறைக்குக் கண்டி போனபோது அளவு எடுக்கும் கருவிகளோடு போனேன். வாசலில் கார் நின்றது, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்தபடி. நான் கீழே படுத்துப் பின்அச்சை அளந்துகொண்டிருக்க, அத்தான் தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

"என்னா மச்சான், ஜெர்மனில காரே இல்லையா? இத அளந்து கொண்டுபோயி அவனுங்களுக்குக் குடுக்கப்போறியா?"

"வெளையாட்டுக் கட்டையில செய்யப்போறேன் அத்தான். இது மாதிரியே."

"இது மாதிரியேன்னா?"

"எல்லாமே. ரெண்டாங் கியர் துள்ளுறது, பின்கதவு, ஹோர்னு, கல்லு..."

அத்தானின் தேத்தண்ணி பாதி வழியில் நின்றது. "கல்லா? கல்லு எதுக்கு?"

"ஹேண்ட்பிரேக் இல்லைல்ல."

"யாரு சொன்னா இல்லைனு? இருக்கு. கொஞ்சம் லூசு."

உள்ளேயிருந்து அக்கா, "அத நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து கேக்குறேன், கொஞ்சம் லூசு, கொஞ்சம் லூசுன்னு! காரச் சொல்றாரா அவரச் சொல்றாரான்னுதான் தெரியல" என்றார்.

"நீ சும்மா இருடி. மச்சான், இங்க பாரு. கதவச் செய்யி, ஹோர்னச் செய்யி, நான் ஒண்ணுஞ் சொல்லல. கல்ல மட்டும் விட்டுரு. வெள்ளக்காரன் முன்னாடி எம்மானத்தக் கல்லு மேல வைக்காத."

"ரூல் அத்தான். அசல்ல இருக்குறது இருக்கணும்."

"அப்ப உங்கக்காவையும் செய்வியா? கியரப் புடிச்சுக்கிட்டு?"

"செய்யணும்தான்."

"செஞ்சா எடுப்பா செய்யிடா தம்பி," என்றார் அக்கா. "போட்டோல எல்லாம் நான் குண்டாத் தெரியிறேன்."

அன்றிலிருந்து, நான் திரும்பி வந்தபின் போனிலும், அத்தான் என்னோடு வானிலை பற்றி மட்டும் பேசினார்.

இங்கே வந்து கட்டத் தொடங்கியபோதுதான் ஒரு பெரிய உண்மை தெரிந்தது. ஒழுங்காக ஓடும் காரைக் கட்டுவது எளிது. அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்துவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஒழுங்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டாம் கியர் மட்டும், அதுவும் ஏற்றத்தில் மட்டும், துள்ளி வர வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு எடையும் ஒரு நெம்புகோலும் வைக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது ஹோர்ன் அடிக்க, ஸ்டியரிங் தண்டிலிருந்து ஒரு பல் நீட்டி ஒரு தகட்டைச் சுரண்டச் செய்தேன். அத்தானின் காரில் தானாக நடக்கும் ஒரு பழுதை நான் நடத்திக் காட்ட, பழுதில்லாத காருக்கு வேண்டியதைவிடக் கூடுதல் பற்சக்கரங்கள் தேவைப்பட்டன. கைபிரேக் கம்பியை இழுத்தால் கிர்ர் என்று சத்தம் வரும், பிடிக்காது. பின்சீட்டுக் காலடியில் ஒரு சாம்பல் நிறக் கட்டை. முன்சீட்டில் அக்கா, ஒரு கையை எட்டிக் கம்பியைப் பிடித்தபடி. எடுப்பாகவே செய்தேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை. நாளையும் நேரத்தையும் அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஹெர் பிராண்ட் தன் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். கதவைப் பார்த்தார். ஹோர்னைக் கேட்டார், இரண்டாம் முறையும் கேட்டார். கியர் துள்ளியபோது அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சாய்பலகையில் காரை ஏற்றி, நான் கல்லை வைத்தேன். "அசலிலும் கைபிரேக் பிடிக்காதா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் கோப்பை கொக்கியில் ஆடுவது எனக்குத் தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அத்தான். மாதக்கணக்கில் வானிலை மட்டும் பேசியவர் அழைக்கிறார் என்றால் எடுக்காமல் இருக்க முடியுமா?

"மச்சான்! எல்லாரையும் கூப்புடு! வெள்ளக்காரனுங்களப் பாக்கச் சொல்லு!"

திரையில் அம்பிட்டிய வீட்டு ஏற்றம். கார் மூக்கை மேலே தூக்கி நிற்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் வெறும் தரை. காரில் யாரும் இல்லை.

"கல்லில்லாம நிக்கிதுடா! திகனயில நம்ம கார் சாமான் கடக்கார நானா, தேடிப் புடிச்சுக் கேபிள் எடுத்துக் குடுத்தாரு. போட்டாச்சு. இப்பச் சொல்லு, யாருக்கு ஹேண்ட்பிரேக் இல்ல?"

நான் ஜெர்மன் மொழியில் எதையாவது மாற்றிச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் கார் நிற்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஹெர் பிராண்ட் திரையைப் பார்த்தார், என் காரைப் பார்த்தார். "அசல் நிற்கிறது" என்றார். பிறகு என் காரின் கைபிரேக்கை இழுத்து, கிர்ர் சத்தத்தைக் கேட்டு, விரலால் கல்லை அகற்றினார். அக்காவோடு கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. மேசை விளிம்பு நெருங்கியது. ஹெர் பிராண்ட் என்ன செய்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது: கையிலிருந்த தன் கோப்பையை, பெயர் எழுதிய அந்தக் கோப்பையை, பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்.

கார் நின்றது. கோப்பி கொஞ்சம் சிந்தியது.

"என்னாடா சத்தத்தக் காணோம்?" என்றது போன். அத்தான் போனைத் தூக்கி ஆட்டிக்கொண்டே காரைச் சுற்றி நடந்தார். அப்போது திரையின் ஓரத்தில் அக்கா வந்தார். பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு கையாலும் கல்லை வயிற்றோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீ எதுக்குடி அங்க நிக்கிற? அதான் நிக்கிதுல்ல!"

"நிக்கிதுதான். நான் எங்க இல்லைன்னேன்? சும்மா நிக்கிறேன்."

"அப்பக் கல்லக் கீழ போடேன்!"

"போடுறேன், போடுறேன். அவசரப்படாதீங்க."

ஹெர் பிராண்ட் திரைக்கு மிக அருகில் குனிந்தார். அந்த அம்மையார் யார், ஏன் நிற்கிறார் என்று கேட்டார். "என் அக்கா. அவருக்கு பிரேக்கில் நம்பிக்கை இல்லை" என்று சொல்ல நினைத்தேன். என் ஜெர்மனில் அது, "அக்கா இரண்டாவது பிரேக்" என்று வெளிவந்தது. அவர் முகம் மலர்ந்தது. மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, இப்படியான இரட்டைப் பாதுகாப்பு ஏற்பாடு இந்நாட்டு ரயில்களில்கூட இல்லை என்றார். பிறகு தீர்ப்பு: இன்று தேறவில்லை. கைபிரேக் பிடிக்க வேண்டும். அந்த அம்மையாரைக் காருக்குள்ளிருந்து எடுத்து, கல்லோடு வெளியே நிறுத்த வேண்டும். சக்கரத்திலிருந்து தூரம் சரியாக இருக்க வேண்டும்.

அத்தானிடம் சொன்னேன். "நம்ம பிரேக் பாஸாயிருச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார். "உங்க பிரேக் பாஸ் அத்தான். நான்தான் பெயில்." அவர் சிரித்த சிரிப்பில் அம்பிட்டியக் காக்கைகள் பறந்திருக்கும். அன்றிலிருந்து வானிலை தவிர மற்றவையும் பேசுகிறோம்.

அடுத்த முறை தேறினேன். பிடிக்கும் பிரேக் செய்ய ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. அக்காவை நிறுத்தத்தான் வாரக்கணக்காயிற்று. கிட்ட வைத்தால் கல்லை வைக்கப்போகிறவர் போல் தெரிந்தார். தள்ளி வைத்தால் வீட்டுக்குள் போகிறவர் போல் தெரிந்தார். என் கோப்பை இப்போது சுவரில் தொங்குகிறது. அதில் குடிக்கும் கோப்பி காகிதக் கோப்பையில் குடித்த அதே கோப்பிதான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று தேறிவிட்டு வந்து காரை வாசலில் நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன். இறங்கி, பழக்கத்தில் வேலியோரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தேன். பிறகு, தேறிய உறுப்பினன் இதைச் செய்யலாமா என்று ஒரு யோசனை வந்தது. கார் நிற்கத்தான் செய்தது. நானும் நின்றேன். ஃபிராவ் லிண்ட்னர் ஜன்னலைத் திறந்து, "கபுட்?" என்றார். "நைன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, ஏதோ வழிபாடு நடக்கிறது என்று மெதுவாக ஜன்னலைச் சாத்தினார். நான் பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு கையாலும் கல்லை வயிற்றோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். தூரம் சரியாக இருந்தது.