பொட்டு ஒட்டிய வானம்

நாகமலை புதுக்கோட்டையில் நான் கூட்டிப் பெருக்கும் ஆபீஸில், பெரிய கண்ணாடி போட்ட ஒரு கிளார்க்கம்மா இருந்தார். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் கிடையாது. பஞ்சிங் மிஷினிலிருந்து விழும் கலர் காகிதப் பொட்டுகளைச் சேர்த்துவைத்து, தினமும் டைரியில் அன்றைய வானத்தை ஒட்டுவார்.

"ஆத்தா, மலைக்கு மேல இன்னைக்கு என்ன கலரு?"

எனக்குக் கூச்சம். "வரும்போது நீங்களே பாக்கலாம்லம்மா?"

"பஸ்ஸ விட்டு ஓடியாற அவசரத்துல எங்கிட்டுப் பாக்க? நீங்க சொன்னாத்தான் எனக்கு விடியும்."

"கத்திரிப்பூ கலரும்மா. ஓரத்துல மட்டும் மஞ்சள்."

"அம்புட்டு ஊதாவுக்கு எங்க போவேன்!" என்று சிரித்தபடி, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பொட்டுப் பொட்டாக வெட்டினார்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புது ஆபீஸில் ஜன்னலோரம் கிடைத்திருக்கும், கிடைக்கட்டும். நான் மட்டும் இன்னமும் வாசல் கூட்டும்போது மலையைப் பார்த்து, ஒரு நிறத்தை மனதில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.