ஆறு தூளிகள் ஆடின

என் மகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது, திருக்கோகர்ணத்தில் ஒரு சின்னக் கூடத்தில் ஒரு நாள் கண்காட்சி வைக்க இடம் கிடைத்தது. நான் ஓவியம் படித்தவள். கல்லூரியை விட்டு வந்தபின் தூரிகையைத் தொட்டது குறைவு. வீட்டில் புழங்கும் பொருள்களை இடம் மாற்றி வைத்து, பார்ப்பவரைச் சற்று நேரம் நிற்கவைப்பதே என் வேலையாகிவிட்டது. “இதுவும் படம்தானா?” என்று என் மாமியார் கேட்பார். எனக்கும் பல நாள் அதே சந்தேகம்தான்.

அப்போது கைபேசியைத் திறந்தாலே போர்ச் செய்தி. மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் பார்ப்பேன். வெள்ளைத் துணியில் சுற்றிய சிறிய உடல்கள். கைபேசியை வைத்துவிட்டு மகளின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அந்த இரண்டு செயல்களுக்கும் நடுவில் இருந்துதான் இந்த யோசனை வந்தது: கூடத்தின் உத்தரத்தில் ஏழு தூளிகள். உள்ளே பிள்ளை இல்லை. மின்விசிறிக் காற்றில் அவை மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் வெறும் தூளியை ஆட்ட மாட்டார்கள். ஆட்டினால் அதில் கிடந்த பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். பிள்ளையைத் தூக்கியதும், ஆடாமல் இருக்கச் சேலையை முடிச்சாக முடிந்து விட்டுவிடுவார்கள். அந்த வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் ஆடும் வெறும் தூளி உறுத்தும். அந்த உறுத்தல்தான் எனக்கு வேண்டும்.

அரிமளத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் கேட்டு, ஆறு பழைய தூளிச் சேலைகள் வாங்கினேன். ஏழாவது, என் மகள் அன்றுவரை தூங்கிக்கொண்டிருந்த நீலச் சேலை. மற்றவர்களின் தூளியை மட்டும் தொங்கவிட்டு நான் துக்கப்பட்டால் அது பொய். இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பை கட்டும்போது அந்தச் சேலையை இரண்டு தடவை வெளியே எடுத்து வைத்தேன்.

“அத கொண்டுபோனா அவ எதுல தூங்குவா?” என்றார் மாமியார்.

“வேற சேலை கட்டுங்க அத்தை. சாயங்காலம் வந்துருவேன்.”

“கொண்டுபோயி என்ன பண்ணுவ?”

“தொங்கவிடுவேன்.”

“தொங்கவிடு. ஆட்டிராத, ஆத்தா.”

நீலச் சேலையை மடித்துப் பையில் வைத்தேன்.

கூடத்தில் ஏழையும் கட்டி முடித்து, ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தேன். அவை ஆடத் தொடங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும். “தூங்குறா. நீ போன் அடிச்சே எழுப்பிவிட்டுருவ போல,” என்றார் மாமியார். வாசலில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது மின்விசிறி நின்றிருந்தது. கூடத்தைப் பெருக்க வந்த பெண், என் வயதுதான் இருக்கும், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏழாவது தூளியை முடிந்துகொண்டிருந்தாள். மற்ற ஆறையும் முடிந்தாகிவிட்டது.

“என்னங்க பண்றீங்க?”

“எந்தக் கூறுகெட்டவளோ ஃபேனைப் போட்டுட்டுப் போயிட்டா. தூளியெல்லாம் வெறுமனே ஆடுதுங்க.”

“நான்தான் போட்டேன். இது நெசத் தூளி இல்லீங்க. கண்காட்சிக்கு.”

அவள் சேலையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பாலும் மருந்தும் பட்ட கறை அதில் இருந்தது. “சீலை நெசந்தானே?” என்று கேட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. பத்து மணிக்கு ஆட்கள் வருவார்கள். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஆறு முடிச்சுகளை அவிழ்க்கக் கை தயங்கவே இல்லை. நீலச் சேலைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அவிழ், அது இல்லாமல் இந்த வேலைக்கு அர்த்தமே இல்லை என்று சொல்லிக்கொண்டேன். கை போகவில்லை. முடிச்சை அப்படியே விட்டுவிட்டு மின்விசிறியைப் போட்டேன்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. வெகுநேரம் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “நல்லாருக்கும்மா. மனசு என்னமோ பண்ணுது. இந்த ஒண்ணு மட்டும் ஏன் முடிஞ்சிருக்கு?”

ஏதாவது ஒரு விளக்கம் சொல்லியிருக்கலாம். கல்லூரியில் அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

“அது எம் பொண்ணோடது டீச்சர். ஆட விட மனசு வரல.”

அவர் தலையசைத்தார். பிறகு மற்ற ஆறையும் பார்த்து, “இதெல்லாம் யாரோடது?” என்றார்.

“எங்க ஊர்ல கேட்டு வாங்கினது.”

“அந்தப் பிள்ளைங்க?”

“வளந்துட்டாங்க. இப்ப பள்ளிக்கூடத்துல இருப்பாங்க.”

அவர் குற்றமாக எதுவும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நன்றி சொல்லிப் போனார். அந்த ஆறு பிள்ளைகளுக்கும் வயிறு உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயிற்றுவலியை நான் நம்புகிறேனா இல்லையா என்பதல்ல விஷயம். என் பிள்ளைக்கு வரும்போது நம்பினேன். அடுத்தவர் பிள்ளைக்கு வரும்போது அதைக் கலை என்றேன். கைபேசியில் பார்த்த அந்தப் போரை நடத்துகிறவர்களும் தங்கள் வீட்டுத் தூளியை முடிந்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அவர்களுக்கு எதிராக நான் செய்ய வந்த வேலையில், அவர்கள் செய்வதையே என் கையும் செய்திருந்தது.

மின்விசிறியை நிறுத்தினேன். ஆறையும் முடிந்தேன். மாலைவரை வந்தவர்கள் ஏழு துணி முடிச்சுகளைப் பார்த்தார்கள். சிலருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை தோற்றுவிட்டதா என்று இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆறு தாய்மாருக்கும் வரிசையாகப் போன் செய்தேன். நாலு பேர் எடுத்தார்கள். “பிள்ளை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“ஏன், என்னாச்சு?” என்றாள் ஒருத்தி. “நல்லாத்தான் இருக்கா. வீட்டுப்பாடம் எழுதச் சொன்னா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறா. நீ வந்து ரெண்டு போடு.”

எடுக்காத இரண்டு பேருக்கும் அரிமளத்தில் இறங்குவதற்குள் மறுபடி அடித்துக்கொண்டே இருந்தேன்.