கடிக்காத நாய்

டெலிவரி பார்சலோடு கேட்டடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடித்தேன். உள்ளே நாய் உறுமியது. முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அக்கா, "அது கடிக்காது தம்பி, உள்ளுக்கு வாங்க" என்றார். நனைந்த மண் மணந்தது.

எங்கள் கிணற்றடியிலும் ஓர் அஸர் தொழுகை நேரம் அப்படித்தான் மணந்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் புடவை விற்ற வாப்பா, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, நாய் கடித்த காலை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மார்க்கப்படி, நாயின் வாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால்.

"ஆசுபத்திரிக்குப் போய் ஊசியப் போடுங்களேன்" என்று உம்மா கெஞ்சினார்.

"அதான் ஏழு தரம் கழுவிட்டனே புள்ள. இனி என்னத்துக்கு ஊசி?"

தொழுகைக்குச் சுத்தமான கால், உயிருக்கும் சுத்தம் என்று நம்பிவிட்டார். சில வாரங்களில், உம்மா நீட்டிய தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அலறினார். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மௌத்தாகிவிட்டார்.

அவரைக் கடித்த நாயையும் கடிக்காது என்றுதான் அந்த வீட்டார் சொன்னார்களாம்.

"கட்டி வைங்களேன் அக்கா."

"அதுக்குச் சங்கிலியே இல்ல தம்பி."

பார்சலைத் திருப்பிக் கொண்டுபோனால் வேலை போய்விடும். அதைக் கால்களுக்கு முன்னால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளினேன்.