எந்தப் பிள்ளையார்?

இணுவிலில் வீட்டுக் கூரைக்குக் கொங்கிறீற் போடும் வேலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து கல்லும் சீமெந்தும் ஆட்களும் தயார். மணல் மட்டும் வரவில்லை. நாளை ஆட்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கார அக்கா இந்த மாரியையும் தகரக் கொட்டிலில்தான் கழிக்க வேண்டும். மணல்காரனின் போனும் வேலை செய்யவில்லை; வராத அவனை ஏசிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் மணல் டிப்பர் நின்றது. சாரதி நிழலில் படுத்திருந்தார்.

"அண்ணை, இதிலை என்ன செய்யிறியள்?"

"பிள்ளையார் கோயிலடியிலை நில்லுங்கோ, ஆள் வரும் எண்டு ஒருத்தன் போனிலை சொன்னவன். இப்ப போனும் செத்துப்போச்சு."

அந்த ஒருத்தன் நான்தான். ஊருக்கொரு பிள்ளையார் இருக்க, எந்தப் பிள்ளையார் என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏறடா, மடையா!"

மணலோடு போய் இறங்கியதும் எல்லோரும் கூவினார்கள். பொழுதுபட முன் கூரை முடிந்தது. அக்கா தேத்தண்ணி தந்தபடி, "தம்பியை எந்தப் பிள்ளையார் திருப்பி அனுப்பினவர்?" என்றார்.

எத்தனையோ வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன். திரும்பி வந்தது அன்றுதான்.

மறுநாள் காலை, எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் மேசன் தன் போனை என்னிடம் நீட்டினார். "இனி லொறியளுக்கு வழி சொல்லுறது உன்ரை வேலை. உனக்குத்தான் இது மறக்காது."

முதல் அழைப்பு வந்தது.

"அண்ணை, எந்தப் பிள்ளையாரடியிலை நிக்கிறியள்?" என்றேன்.