மைனாவுக்கு ஷிஃப்ட் போட்ட கதை

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் எங்களுக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் இல்லை.

ஒருநாள் காலை கொய்யா மரத்தடியில் மைனாக் குஞ்சு ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. இறகு முளைத்திருந்தாலும் வால் கட்டை. தத்தித் தத்தி விழுந்தது. கொஞ்சம் தள்ளி வீட்டுக்கார அக்காவின் பூனை, கேன்டீன் மணி கேட்ட முகத்தோடு.

எங்களில் தூத்துக்குடி நண்பன் மரத்தடியிலேயே ஒரு அட்டைப்பெட்டியில் பழைய பனியனை விரித்துக் குஞ்சை உள்ளே வைத்தான். "ஏல, மாத்தி மாத்திக் காவல் இருக்கணும். அடுத்த ஆளு வராம எவனும் நவுரப்படாது, பாத்துக்க" என்றான். கம்பெனியில் உற்பத்தி லைனில் எங்களுக்குப் படிந்த பழக்கம் அது. சுவரில் சார்ட்டே ஒட்டிவிட்டோம். ஆள் மாறும்போது நிலவரம் சொல்ல வேண்டும்: "ரெண்டு தடவ கத்துச்சு. பால்ல நனைச்ச பன்னு குடுத்தேன், திங்கல."

மதியத்துக்குள் குஞ்சின் குரல் கம்மிவிட்டது. மேலே கரண்டு கம்பியில் இரண்டு பெரிய மைனாக்கள் ஓயாமல் கத்தின. "ஏல, நம்மளப் பாராட்டுதுங்க" என்றான் நண்பன்.

துணி உலர்த்த வந்த வீட்டுக்கார அக்கா சிரித்தாள். "இன்னாபா, மைனாவுக்கும் ஓ.டி. பாக்கறீங்களா?"

கம்பெனி பஸ் வந்ததும் மற்ற ஐந்து பேரும் ஓடினார்கள். எனக்கு வார விடுமுறை. காவலும் என் தலையில். அரை மணி அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இடத்தை விட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன்.

திரும்பி வரும்போது அறைக் கதவோரம் அப்படியே நின்றுவிட்டேன். பெட்டி விளிம்பில் பெரிய மைனா ஒன்று உட்கார்ந்து, குஞ்சின் வாயில் வெட்டுக்கிளியைத் திணித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதற்கு நாங்கள் எப்போது தொலைவோம் என்பதுதான் கவலை. ஆறு பேர் அக்கறையாகக் காவல் காத்து, ஒரு குஞ்சைப் பட்டினி போட்டிருக்கிறோம்!

பெட்டியைத் தாழ்ந்த கொய்யாக் கிளையில் கட்டிவிட்டு, பூனையை உள்ளே அடைக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டேன்.

"அடைக்கறேன். ஆனா அது கத்திச்சின்னா நீதான் வந்து கொஞ்சணும்."

மறுநாள் காலை காவலில்லாத மரத்தைப் பார்த்து நண்பன் குதித்தான். "ஏல, டூட்டிய விட்டுட்டு எங்கல போன?"

நான் அக்கா வீட்டு வாசற்படியில், மடியில் பூனையோடு இருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் பேனாவை எடுத்து, சார்ட்டில் மைனாவை அடித்துவிட்டுப் பூனை என்று எழுதினான்.

மூன்று நாள் நெத்திலி போட்டுப் பூனையைக் காத்தோம். நாலாம் நாள் குஞ்சு பறந்து கம்பிக்குப் போய்விட்டது. பூனை மட்டும் அதற்கப்புறமும் ஷிஃப்ட் தவறாமல் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.